பத்து அடிக்குக் கால் அங்குலம்

என் மனைவியின் தம்பி ஒன்பது வருடம் இரண்டு மாதம் கழித்து, மூன்றாம் தேதி திங்கட்கிழமை மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, எங்கள் மன்றத்தின் பந்து மேசை அறைக்குள் நுழைந்தான். அடித்த முதல் பந்து குழியில் விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. மூன்றாவது விழுந்தது, பின்னாலேயே வெள்ளைப் பந்தும் போய் விழுந்தது.

"கை காஞ்சு கெடக்கு மாமா. ரெண்டு நாள்ல வந்துடும்" என்றான்.

அன்று அறுபது முறை அடித்ததில் இருபத்தொன்று விழுந்தது. இரண்டு நாள் கழித்து இருபத்து நான்கு. நான்கு நாள் கழித்து இருபது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆறு குழி உள்ள மேசை. வெள்ளையோடு சேர்த்துப் பதினாறு பந்து. கோலால் வெள்ளையை அடித்து, அது போய் மற்றப் பந்துகளைக் குழிக்குள் தள்ள வேண்டும். தன் பங்குப் பந்துகள் முடிந்தபின் எட்டாம் எண் கறுப்புப் பந்தை முதலில் விழ வைப்பவருக்கு ஆட்டம். எங்கள் மன்றத்தில் இதை பில்லியர்ட்ஸ் என்றே சொல்வார்கள். பெயர் சரியில்லைதான், ஆனால் நிலைத்துவிட்டது. மன்றத்தின் ஆட்டக் குறிப்பேட்டை முப்பத்தோரு வருடமாக நான் எழுதி வருகிறேன். அதற்கு முன்னும் அதனோடும் நீரேற்று நிலையத்தில் மணிக்கு ஒருமுறை அழுத்தமானியைப் பார்த்து எழுதுவது என் வேலையாக இருந்தது.

மச்சினன் டைல்ஸ் பதிப்பவன். ஐம்பத்து மூன்று வயது. வேலை பழகும் நாட்களையும் சேர்த்தால் முப்பத்து நான்கு வருடம் முட்டி போட்டே சம்பாதித்தவன். அவன் பதித்த தரையில் நாணயத்தை நிற்க வைத்தால் நிற்கும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். நான் நிற்க வைத்துப் பார்த்திருக்கிறேன், நின்றது. ஆனால் போன வருடம் முதல் அவனுக்கு முட்டி நிற்கவில்லை. வேலை முடிந்து எழும்போது சுவரைப் பிடித்து, வாளியைப் பிடித்து, கடைசியில் தன் தொடையையே பிடித்து எழுவான். மருத்துவர் இரண்டு முட்டியையும் படம் எடுத்துப் பார்த்து, குந்தி உட்காரும் வேலையை ஒரு வருடத்துக்குள் விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மன்றத்தில் மேசைப் பொறுப்பாளர் பதவி காலியாகப் போவது தெரிந்தது. பத்தொன்பது வருடம் அதில் இருந்தவர், கோல் முனை வழுக்காமலிருக்க எந்நேரமும் நீலச் சாக்கட்டி தேய்த்து விரலெல்லாம் நீலமாகிப் போனதால் எல்லாராலும் நீலக்கை என்று அழைக்கப்பட்டவர், மகள் வீட்டோடு போய்விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். மேசையைத் துடைப்பது, துணியை நீவுவது, கோல் முனைகளை மாற்றுவது, ஆள் குறையும்போது ஜோடிக்கு நின்று ஆடுவது. எல்லாமே நின்றுகொண்டு செய்யும் வேலை. ஆனால் மன்றத்தின் பதினான்காம் விதி ஒன்று உண்டு: மனுச் செய்பவர் அந்த வருடப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். போட்டி முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மச்சினனுக்கு இருந்தது இருபத்தேழு நாள்.

பழைய நாளில் அவன் நல்ல ஆட்டக்காரன். சும்மா சொல்லவில்லை, அந்த வருடத்துக் குறிப்பேட்டில் அவன் பயிற்சிச் சராசரி அறுபதுக்கு நாற்பத்தொன்று. பந்தை அடிப்பான் என்றே சொல்ல முடியாது, தடவி அனுப்புவான். அது பாதி தூரம் போய், யோசித்து, பிறகு விழும். ஒன்பது வருடத்துக்கு முன் அறையைப் பழுதுபார்க்க மேசையைக் கழற்றி வெளியே வைத்தார்கள். புதுத் தரை போட்டது அவன்தான். தரை காய்வதற்குள் வேறு ஊரில் நான்கு மாடி மருத்துவமனை வேலை வந்தது, போனான். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு கோபமும் இல்லை, ஒரு காரணமும் இல்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே ஒன்பது வருடம் போயிற்று.

தினமும் நான்கு மணிக்கு வருவான். பதினைந்து பந்து, நான்கு சுற்று, அறுபது அடி. மேசையின் இரு தலையிலிருந்தும் மாறி மாறி அடிப்பான். நான் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவேன்.

முதல் வாரக் கடைசியில் குற்றம் கோல்மேல் வந்தது. "இது நெளிஞ்சிருக்கு மாமா" என்று கோலை மேசைமேல் வைத்து உருட்டிவிட்டான். அது தானாக உருண்டு வாசல் பக்கத்து விளிம்பில் முட்டி நின்றது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் உருண்டது. அறையில் இருந்த ஏழு கோலையும் உருட்டிப் பார்த்து, "ஏழும் நெளிசல். எப்படித்தான் ஆடுறாங்களோ!" என்றான். நானும் தேதி போட்டு 'ஏழு கோலும் நெளிசல்' என்று எழுதிக்கொண்டேன். யாரிடமோ கேட்டு எட்டாவதாக ஒரு புதுக்கோல் வாங்கி வந்தான். அதோடு இருபத்து மூன்று.

அடுத்து சாக்கட்டி. அதற்கடுத்து மேசைத் துணி. அதற்கடுத்து என் பென்சில்.

"நா குனிஞ்சு குறி பாக்குறப்பல்லாம் க்ரீச் க்ரீச்சுனு என்னத்தத்தான் எழுதுறீங்க?"

"நீ அடித்தபிறகுதான் எழுதுகிறேன்."

"அடிக்கப் போறதுக்கு முன்னாடியே எழுதுற மாதிரி இருக்கு. விழாதுன்னு."

பேனாவுக்கு மாறினேன். அன்றும் இருபத்து மூன்று.

தினமும் ஐந்து மணிக்குத் தன் பயிற்சிக்கு வருபவர் சலூன்காரர். மன்றத்தின் எதிர்வரிசையில் கடை. மூன்று முறை கோப்பை வாங்கியவர், அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர். கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நிற்பார்.

"என்ன மேஸ்திரி, குழி எங்க இருக்குன்னு நூல் புடிச்சுத் தரட்டா?"

"நீங்க போய் முடிய வெட்டுங்க சார். காத வெட்டிடாதீங்க."

"என் கடைல காது போனவன் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லையே!"

"எப்படி வருவான்? காதே இல்லாதவனுக்கு நீங்க கூப்பிட்டாக் கேக்கவா போகுது?"

இப்படிப் பேசும்போது சிரிப்பான். சலூன்காரர் குனிந்து ஓங்கி நான்கு அடி அடித்து நான்கையும் விழ வைத்ததும் சிரிப்பு நின்றுவிடும். அவன் மனைவி என் மனைவியிடம் தொலைபேசியில் சொன்னாளாம்: "அவர் வந்து கதவச் சாத்துற சத்தத்துலயே தெரிஞ்சுடும்ணி, இன்னிக்கு எத்தன விழுந்துச்சுன்னு. நேத்து தாழ்ப்பாளே கைல வந்துடுச்சு."

பிறகு மூக்குக்கண்ணாடி. குனியும்போது கண்ணாடியின் மேல் விளிம்பு பார்வையை மறைக்கிறது என்று பெரிய வட்டமாக ஒன்று செய்து வந்தான். அதை மாட்டிக்கொண்டு அவன் குனிந்தபோது நீலக்கை தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பத்தொன்பது. திரும்பி வந்தபின் அவன் எடுத்த மிகக் குறைந்த எண் அதுதான். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, உறையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எனக்கு வயசாயிடுச்சு மாமா, அவ்வளவுதான். முட்டி போச்சு. கண்ணு போச்சு. அடுத்து என்ன போகப் போகுதுன்னு நோட்டுல ஒரு பக்கம் விட்டு வைங்க" என்றான்.

பன்னிரண்டு நாளில் எழுநூற்றிருபது அடி, விழுந்தது இருநூற்று எண்பத்தொன்று. விழுந்ததா இல்லையா என்று மட்டும் எழுதி வந்தது போதாது என்று எனக்குத் தோன்றியது. பதினைந்தாம் தேதி முதல், தவறிய ஒவ்வொரு பந்தும் குழிக்கு இடப்பக்கம் போயிற்றா வலப்பக்கம் போயிற்றா என்றும் சேர்த்து எழுதினேன். எந்தத் தலையிலிருந்து அடித்தான் என்பதையும் ஒரு புள்ளியால் குறித்தேன். எட்டு நாள், நானூற்று எண்பது அடி, தவறியது இருநூற்று எண்பத்தேழு. அதில் இடது நூற்று நாற்பத்து நான்கு, வலது நூற்று நாற்பத்து மூன்று.

"உன் கை எந்தப் பக்கமும் சாயவில்லை. சமமாகத்தான் தவறுகிறது" என்றேன்.

"சமமாத் தவறுறதுக்கு ஏதும் பரிசு உண்டா?" என்றான்.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்குச் சரியாக ஒரு வாரம். அவன் முட்டிப் பட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். அதைக் கொடுக்க அவன் மனைவி வந்தாள். பந்து மேசை அறைக்குள் அவள் வருவது அதுவே முதல் முறை. பட்டையைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் பந்துகளையே பார்த்தாள்.

"ஏங்க, எல்லாப் பந்தும் வாசப் பக்கமாவே ஓடுதே. அதுங்களுக்கும் இங்க இருக்கப் புடிக்கலையா?"

அவன் நிமிராமலே, "வந்தமா, குடுத்தமா, போனமான்னு இரு" என்றான்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. குறிப்பேட்டைக் காட்டினேன். "இல்லையம்மா. இடது நூற்று நாற்பத்து நான்கு, வலது நூற்று நாற்பத்து மூன்று. ஒரு பக்கமும் சாயவில்லை."

அவள் எட்டிப் பார்த்தாள். "யாரோட இடதுண்ணா?"

"அவனுடைய இடதுதான்."

"அவர் இந்தத் தலைல நின்னா வாசல் வலது கைப் பக்கம். அந்தத் தலைக்குப் போயிட்டா வாசல் இடது கைப் பக்கம். அவர்தானே மாறி மாறி நிக்கறார். வாசல் எடம் மாறலையே."

புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. தவறிய இருநூற்று எண்பத்தேழில் வாசல் பக்கம் இருநூற்று ஐம்பத்தொன்று. ஜன்னல் பக்கம் முப்பத்தாறு. எட்டு நாளாக அந்த எண்கள் என் மடியிலேயே இருந்திருக்கின்றன. நான் அவற்றை ஆட்டக்காரனின் கையோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டேன். அறையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அவன் ஏட்டைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், வெளியே போனான். வண்டியிலிருந்து வேலைப் பையைக் கொண்டுவந்தான். ரசமட்டத்தை எடுத்து மேசைத் துணிமேல் குறுக்காக வைத்தான். குமிழி கோட்டைத் தாண்டி ஜன்னல் பக்கம் போய் நின்றது. ரசமட்டத்தைத் திருப்பி வைத்தான். அப்போதும் ஜன்னல் பக்கம்தான். அப்படியென்றால் மேசை வாசல் பக்கம் சரிந்திருக்கிறது.

"மேசையில் கோளாறா?" என்றேன்.

அவன் சுவரைப் பிடித்து, முட்டியை ஒவ்வொன்றாக மடக்கி, தரையில் ரசமட்டத்தை வைத்தான். அதே குமிழி, அதே இடம். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வாட்டம் மாமா" என்றான்.

"எதற்கு வாட்டம்?"

"தண்ணிக்கு. கழுவி விட்டா வாசப் பக்கமா ஓடணுமில்ல? பத்தடிக்குக் கால் அங்குலம். எந்த ரூம் தரை போட்டாலும் கை தானாக் குடுத்துடும். நா யோசிக்கக்கூட இல்ல."

அவன் மனைவி மெதுவாகக் கேட்டாள். "பந்து மேச ரூமுக்கு எதுக்குங்க தண்ணி வாட்டம்?"

"அதான் சொல்றேனே, யோசிக்கலன்னு!"

"சரி, சரி. வாட்டம் சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் அவள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவன் முகம் இன்னும் கறுத்தது.

தரை போட்டு முடிந்ததும் மேசையைக் கொண்டுவந்து பூட்டியவர்கள் நான்கு காலையும் அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்ற எல்லாரும் ஒன்பது வருடமாக அந்தச் சரிவில் ஆடி ஆடி, அது சரிவென்றே தெரியாமல் பழகிவிட்டார்கள். ஏதாவது பந்து நெளிந்து ஓடினால் நீலக்கை, "ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குணம்" என்பார். மச்சினன் ஒருவனுக்குத்தான் பழைய சமதள மேசை கையில் அப்படியே இருந்தது. வேறு எந்த அறையாக இருந்தாலும் உள்ளே காலை வைத்ததும் சரிவைச் சொல்லிவிடுவான். இது அவன் போட்ட தரை. அதைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை.

பையிலிருந்து சிறு கடப்பாரையையும், டைல்ஸ் இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் ஆப்புகளையும் எடுத்தான்.

"என்ன செய்யப் போகிறாய்?"

"வாசப் பக்கத்து ரெண்டு காலுக்கும் ரெண்டு மில்லிமீட்டர் ஏத்தப் போறேன்."

"செயலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்."

"சொன்னா மொத கேள்வி என்ன வரும்? தரைய யார் போட்டது? தரையவே கோணலாப் போட்டவனுக்கு மேசையப் பாத்துக்கற வேலையான்னு அடுத்த கேள்வி. அதோட முடிஞ்சது." கடப்பாரையைக் காலடியில் கொடுத்தான். "நா நேராத்தானே மாமா ஆக்குறேன்? கோணலாக்கலையே?"

"போட்டிக்கு ஏழு நாள் இருக்கும்போது பன்னிரண்டு பேர் ஆடும் மேசை. நான் இதை எழுதத்தான் வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. நல்லா எழுதுங்க. உங்க நோட்டு வந்து என் முட்டிக்குத் தைலம் தேய்க்குமா?"

அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் மனைவி எழுந்து நின்றாள். "அண்ணா சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள். அவன் கேட்கவில்லை. மேசை முனகிக்கொண்டு இரண்டு மில்லிமீட்டர் எழுந்தது. மணி நான்கு ஐம்பது. குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது.

பத்துப் பந்து அடித்தான். ஒன்பது விழுந்தது. ஒவ்வொன்றும் பழையபடி பாதி தூரம் போய், யோசித்து, விழுந்தது. ஒன்பதாவது விழுந்தபோது அவன் மேசை விளிம்பைக் கையால் தடவினான். இருபத்தொரு நாளில் முதல் முறையாக அவன் தோள் இறங்கியிருந்தது.

அப்போது சலூன்காரர் வந்தார்.

வழக்கம்போல ஒரு கேலி சொல்லிவிட்டுக் குனிந்தார். தினமும் கண்ணை மூடிக்கொண்டு விழ வைக்கும் மூலைப் பந்து. அது குழிக்கு ஜன்னல் பக்கமாக விலகிப் போயிற்று. மறுபடி அடித்தார், விலகியது. ஐந்து பந்து, ஐந்தும் தவறு. கோலை மேசைமேல் உருட்டிப் பார்த்தார், அது அசையாமல் கிடந்தது. "கோல் நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி அடித்தார். தவறியது.

கோலைச் சாய்த்துவைத்துவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு கையையும் என் முன்னே நீட்டினார். குரலில் கேலி இல்லை.

"சார், கை நடுங்குதா பாருங்க. உண்மையச் சொல்லுங்க. காலைல ஒருத்தர் தாடைல லேசாக் கீறல் பட்டுடுச்சு. எனக்கு இந்தக் கைதான் சார் எல்லாம்."

கை நடுங்கவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சினன் சொன்னான்.

"உங்க கைக்கு ஒண்ணுமில்ல. நா மேசையத் தூக்கி வெச்சிருக்கேன்."

சலூன்காரருக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது, ஆனால் அது வேறு பக்கமாக வந்தது. "அப்ப ஒம்பது வருஷமா நா கோணல் மேசைலயா ஆடினேன்? அந்த மூணு கோப்பை?"

"கோப்பை நேராத்தான் இருக்கு. போய்ப் பாத்துக்குங்க" என்றான் மச்சினன். பிறகு மறுபடி முட்டி போட்டு, ஐந்து இருபத்தைந்துக்கு ஆப்புகளைத் தானே உருவினான். அவன் மனைவியின் பஸ் போய்விட்டிருந்தது.

மன்றச் செயலாளர் ஒரு மருந்துக்கடை அம்மா. மச்சினனும் அவன் மனைவியும் நானும் அவர் கடைக்குப் போனோம். மச்சினன் எல்லாவற்றையும் அவனே சொன்னான். தரை, வாட்டம், ஆப்பு, ஒன்பது பந்து. அவர் ஒரு வாடிக்கையாளருக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே கேட்டு முடித்தார்.

"போட்டி முடியற வரைக்கும் மேசைய யாரும் தொடக்கூடாது. பன்னெண்டு பேரும் அதுலதான் பழகியிருக்காங்க. முடிஞ்சப்புறம் நிமித்தலாம்" என்றார். பிறகு, "நீங்க போட்ட தரைலயே நீங்க ஆடிக் காட்டுங்க. மனுவ அப்பறம் பாக்கலாம்."

வெளியே வந்ததும் மச்சினன் கேட்டான். "நா ஏன் மாமா வாயத் தொறந்தேன்?" அது கேள்வி இல்லை.

மீதி ஆறு நாள். சலூன்காரர் மறுநாள் வந்து, மனசில்லாமல் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் போல ஒரு விஷயம் சொன்னார்: "மெதுவா உருட்டினா மேசை ரொம்ப இழுக்கும் மேஸ்திரி, ஓங்கினா ஒரு நூல்தான். ஓங்கி அடிங்க. பந்து சரிவ நெனச்சுப் பாக்கறதுக்குள்ள குழிக்குள்ள இருக்கணும்." உண்மைதான். ஆனால் முப்பத்து நான்கு வருடம் ரப்பர் சுத்தியால் டைல்ஸை டொக் டொக்கென்று தட்டி உட்கார வைத்த கை. ஓங்கினால் உடைந்துவிடும் என்பதே அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே பாடம். ஓங்கப் போகும்; பந்துக்கு ஒரு விரற்கடை முன்னால் தானாகப் பயந்து நின்றுவிடும்.

"பழைய தரையை உடைத்துப் போடுவதாக நினைத்துக்கொள்" என்றேன்.

"அதுக்கெல்லாம் நா ஆள் விட்டுடுவேன் மாமா."

இருபத்தாறு. இருபத்து நான்கு. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. இருபத்தெட்டு. ஓங்கி அடித்த பந்து சரிவை ஏமாற்றிவிட்டுக் குழியின் உதட்டில் மோதி வெளியே துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் கோலைத் தரையில் குத்துவான், குத்தியதும் குனிந்து டைல்ஸில் விரிசல் விழுந்ததா என்று பார்ப்பான். விழவில்லை. கடைசி நாள் முப்பத்து மூன்று. பழைய நாற்பத்தொன்றுக்கு அது எங்கே?

முப்பதாம் தேதி பன்னிரண்டு பேர். போன வருடம் முதல் நான்கு இடத்தில் வந்தவர்கள் நேராக இரண்டாம் சுற்றில் சேர்வார்கள். மூன்றில் இரண்டு ஆட்டம் எடுத்தவர் மேலே போகலாம். முதல் சுற்றில் ஒரு நூலகரோடு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தான். இன்னும் ஒன்று ஜெயித்தால் முதல் நான்கு. குலுக்கலில் அந்த ஒன்றுக்கு வந்தவர் சலூன்காரர்.

முதல் ஆட்டம் அவருக்கு. இரண்டாவது மச்சினனுக்கு, எப்படியென்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு பந்து அவன் பார்க்காத குழிகளில் போய் விழுந்தன. மூன்றாவதில் இருவருக்கும் கறுப்பு மட்டுமே பாக்கி. கறுப்பு வாசல் பக்க மூலையில், குழிக்கு ஒரு சாண் தூரத்தில். அடிக்கும் முறை மச்சினனுக்கு.

ஓங்கி அடித்தால் கறுப்போடு வெள்ளையும் விழுந்துவிடும், ஆட்டம் போய்விடும். மெதுவாகத்தான் அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் வெள்ளை போகும் வழியில் சரிவு இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்று அந்த அறையில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. குனிந்து, குழியைப் பார்க்காமல், கறுப்புக்கு இரண்டு அங்குலம் ஜன்னல் பக்கமாகக் குறி வைத்தான். பழைய கை. தடவி அனுப்பினான். வெள்ளை பாதி தூரம் போயிற்று, யோசித்தது, வாசல் பக்கம் வளையத் தொடங்கியது. சரியாக வந்து கறுப்பைத் தொட்டது. கறுப்பு குழியின் உதடுவரை போய் நின்றுவிட்டது. விழவில்லை. ஒரு தும்மல் போட்டிருந்தால் விழுந்திருக்கும்.

அவன் கோலைக் குத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவன் மனைவி பெஞ்சில் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

சலூன்காரருக்கு ஒரு குழந்தைகூட அடித்து விழ வைக்கக்கூடிய பந்து. அவர் வழக்கம்போல் ஓங்கி அடித்தார். கறுப்பு விழுந்தது. வெள்ளை மேசை விளிம்பில் மோதி, திரும்பி, வேகம் இழந்து, மேசை நடுவில் நிற்கப் போவதுபோல் மெதுவாகி, பிறகு யாரும் தொடாமலே வாசல் பக்கமாகச் சரிந்து நடுக்குழிக்குள் போய் விழுந்தது. கறுப்போடு வெள்ளை விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு.

சலூன்காரர் நடுக்குழிக்குள் கைவிட்டு வெள்ளையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றார் சலூன்காரர்.

"எங்க ஜெயிச்சேன்? தரை ஜெயிச்சுது" என்றான் மச்சினன். முகத்தில் துளி மகிழ்ச்சி இல்லை. அடுத்த ஆட்டத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் தோற்றான். நான்காம் இடம்.

செயலாளர் விதியைப் படித்தார். நான்காம் இடம் என்றால் முதல் நான்குக்குள் என்றுதான் பொருள். முதல் தேதி பொறுப்பேற்கும்படி சொல்லிவிட்டு, "முதல் வேலை மேசைய நிமித்தறது. தரை உங்களோடது, ஆப்பும் உங்ககிட்டயே இருக்கு" என்றார்.

நிமிர்த்தினான். அன்றிலிருந்து பதினோரு பேருக்கும் பந்து விழவில்லை. ஒன்பது வருடம் சரிவில் பழகிய கைகள். முதல் இரண்டு வாரத்தில் புகார் நாற்பத்து மூன்று: கோல் நெளிசல், சாக்கட்டி மட்டம், துணி முரடு, விளக்கு கண்ணைக் கூசுகிறது. மேசையைக் கெடுத்துவிட்டான் என்று பெயர் எழுதாமல் இருவர் சீட்டுப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் ரசமட்டத்தை வைத்துக் காட்டுவான். ரசமட்டமே கோணல் என்பார்கள்.

நேற்று சலூன்காரர் கோலைத் தூக்கி எறிந்தார்.

"பாருங்க மேஸ்திரி, நேராப் போகுது!"

"நேராத்தானே போகணும்?"

"அதத்தான் கேக்கறேன். ஏன் நேராப் போகுது?"

மச்சினன் கோலை எடுத்து, முனையைப் பார்த்து, துணியால் துடைத்து அதன் இடத்தில் மாட்டினான். என் பக்கம் திரும்பி, "காலைல எட்டு மணிலேந்து இதே பஜனை மாமா. எல்லாருக்கும் பைத்தியம் புடிச்சிருக்கு. டைல்ஸாவது வாயத் தொறக்காது" என்றான். அந்தப் புலம்பல் ஆறரை மணிவரை நிற்கவில்லை. சலூன்காரரைத் திட்டினான், செயலாளரைத் திட்டினான், பதினான்காம் விதியை எழுதியவரைத் திட்டினான். நான் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். முட்டியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசி அன்றோடு பதினேழு நாள் ஆகியிருந்தது.